பழக்கொடியா, பூக்கொடியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் வீட்டின் மேற்கு மதில் 12 அடி நீளம், 6 அடி உயரம். ஒரு பந்தலுக்குத்தான் இடம் இருக்கிறது. பழம் தரும் கொடி வைக்கலாம் என்கிறார் கணவர். எனக்குப் பூக்கொடி மீதுதான் ஆசை. எதை வைப்பது?
– வாசகி, திருச்சி

முதலில் வெயிலைப் பாருங்கள். காலை 9, பகல் 12, மாலை 3 மணி என மூன்று வேளையும் அந்த மதிலருகே நின்று எங்கே நிழல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரடி வெயில் 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் பழக்கொடி இலையாகத்தான் வளரும். நான்கு மணி நேரமே கிடைத்தாலும் இரங்கூன் மல்லி ஓரளவு பூத்துவிடும்.

மேற்கு மதிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. சித்திரை வெயிலில் சூடேறிய சுவர், பொழுது சாய்ந்த பிறகும் அனல் விடும். கொடியைச் சுவரோடு ஒட்டிப் படரவிட்டால் உட்பக்க இலைகள் கருகும், மாவுப்பூச்சியும் சேரும். பந்தலோ கம்பி வலையோ சுவரிலிருந்து குறைந்தது அரை அடி தள்ளியே இருக்கட்டும்.

அடுத்து, கொடி எப்படி ஏறுகிறது என்பது. பலர் இதைக் கவனிக்காமல் கம்பியை வாங்கிவிடுகிறார்கள். பேஷன் ஃப்ரூட், திராட்சை, கோவை மூன்றும் பற்றுக்கம்பி விட்டு ஏறுபவை. அந்தச் சுருள்கள் 3 மி.மீ. கம்பியைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், 2 அங்குலக் குழாயில் வழுக்கும். சங்குப்பூவும் கொடிச் சம்பங்கியும் தண்டையே சுற்றி ஏறும் என்பதால் நேராகக் கட்டிய கயிறு போதும். காகிதப்பூ எதையும் பிடிப்பதில்லை. முள்ளால் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும், நாம்தான் கட்டிவிட வேண்டும்.

உங்கள் மதிலில் 6 மணி நேர வெயில் இருந்தால் பேஷன் ஃப்ரூட்டையே சொல்வேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டுக்காரர் கேட்கும் பழத்தையும் நீங்கள் கேட்கும் பூவையும் ஒரே பந்தலில் தரக்கூடிய கொடி, எனக்குத் தெரிந்து அதற்கு இணையாக வேறில்லை. வெள்ளை இதழ்களின் மேல் ஊதா இழைகள் வட்டமாக விரிந்த அந்தப் பூவுக்காக மட்டுமே வளர்ப்பவர்களும் உண்டு. மஞ்சள் பழ வகையை வாங்குங்கள். ஊதா வகை குளிர்ச்சியான மலைப்பகுதிக்கு உரியது, திருச்சி வெயிலில் சோர்ந்துவிடும். வெவ்வேறு விதைகளில் முளைத்த இரண்டு கன்றுகள் வாங்கி மதிலின் இரு முனையிலும் ஒவ்வொன்றாக நடுங்கள். ஏன் இரண்டு என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

ஆனால் கோடையில் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, அடிக்கடி வெளியூர் போவீர்கள் என்றால் பழக்கொடி வேண்டாம். பிஞ்சு பிடித்த நேரத்தில் நான்கு நாள் வறண்டால் பிஞ்சு முழுவதும் உதிர்ந்துவிடும். வேரூன்றிய இரங்கூன் மல்லி அதே வறட்சியைத் தாங்கிக்கொண்டு, மழை வந்ததும் மறுபடி பூக்கும். மாலையில் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். இரவில் நல்ல வாசம். வேரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், அவற்றை மாதம் ஒருமுறை தோண்டி எடுக்கத் தயாராக இருங்கள்.

மஞ்சள் பேஷன் ஃப்ரூட் கொடி பந்தலை மூடிவிட்டது. தினமும் பத்துப் பதினைந்து பூ பூக்கிறது. ஒன்றுகூடக் காயாகாமல் மறுநாளே உதிர்கிறது. என்ன உரம் போடுவது?
– வாசகர், செங்கல்பட்டு

உரத்தால் தீராது. உங்களுக்குத் தேவை இன்னொரு கொடி.

மஞ்சள் வகையில் ஒரு கொடியின் மகரந்தம் அதே கொடியின் பூவில் காய் பிடிக்காது. அதே கொடியில் வெட்டி வைத்த குச்சியிலிருந்து இரண்டாவது கொடி வளர்த்தாலும் பயனில்லை, இரண்டும் ஒரே செடிதான். வேறு விதையில் முளைத்த கொடி வேண்டும். கடையில் வாங்கிய ஒரு மஞ்சள் பழத்தின் விதைகளைப் போட்டு நான்கைந்து நாற்று வளர்த்து, திடமான இரண்டை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். பக்கத்து வீட்டில் வேறொரு கொடி பூத்தால் இப்போதே அங்கிருந்து பூ வாங்கி வந்து முயன்று பார்க்கலாம்.

இரண்டு கொடி இருந்தும் காய்க்கவில்லை என்றால் வண்டு வரவில்லை என்று பொருள். இந்த மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ சிறியது. மகரந்தத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடும், மகரந்தம் சேர வேண்டிய, மேலே இருக்கும் சூலகமுடியை அதன் உடம்பு தொடாது. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டுதான் இதற்கு ஏற்றது. அதன் முதுகு உரசும் உயரத்தில்தான் பூவின் பாகங்கள் அமைந்திருக்கின்றன. தோட்டத்து மூலையில் பழைய மூங்கில் கழிகளை விட்டுவையுங்கள். பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

கையால் செய்வதும் எளிது. மஞ்சள் வகை நண்பகலையொட்டித்தான் மலரும். காலையில் போய்ப் பார்த்தால் மொட்டுதான் இருக்கும். பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் வேலையை முடியுங்கள். பூவின் நடுவே ஒரு தண்டு நிற்கும். அதில் மகரந்தப் பொடியோடு ஐந்து பைகள் கீழ்நோக்கித் தொங்கும். அவற்றுக்கு மேலே மூன்று கிளையாகப் பிரிந்து, நுனியில் குமிழ் வைத்திருப்பவை சூலகமுடிகள். பூ மலர்ந்தவுடன் அந்த மூன்றும் வானத்தைப் பார்த்து நிற்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல வளைந்து பைகளின் மட்டத்துக்கு இறங்கும். இறங்கியதும் தொடங்குங்கள். ஒரு கொடியின் பூவில் சுண்டுவிரலையோ சிறிய தூரிகையையோ தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டும். அதை அடுத்த கொடிப் பூவின் மூன்று குமிழ்களிலும் தடவுங்கள். மூன்றிலும் தாராளமாகத் தடவினால் பழம் பெரிதாகவும் சாறு நிறைந்தும் இருக்கும், அரைகுறையாகப் பட்டால் பாதி காலியான பழம்தான் கிடைக்கும். சில பூக்களில் முடிகள் கடைசி வரை வளையாமல் நிமிர்ந்தே நிற்கும். அவை காய்க்காது, மகரந்தம் எடுக்க மட்டும் உதவும். தடவிய ஒன்றரை மணி நேரத்துக்குள் மழை பிடித்தால் அன்றைய உழைப்பு வீண்.

பலித்த பூவில் நான்கு நாளில் பிஞ்சு பட்டாணி அளவைத் தாண்டும். இரண்டு, இரண்டரை மாதத்தில் பழுத்துத் தானே கீழே விழும். பறிக்க அவசரப்படாதீர்கள். பச்சைக்காயில் சயனைடு தரும் பொருள் இருப்பதால் அதைக் கடித்துப் பார்க்கவும் கூடாது. ஒரு பருவம் முடிந்ததும் காய்த்த பக்கக்கிளைகளை நான்கைந்து கணு விட்டு வெட்டிவிடுங்கள். புதுத் தளிரில்தான் அடுத்த பூ வரும். வெட்டாத கொடியில் உள்ளே சருகு மண்டி, வெளி ஓரத்தில் மட்டும் காய்க்கும்.

காகிதப்பூ நட்டு இரண்டு வருடம் ஆகிறது. இலை செழிப்பு, பூ இல்லை. வாரம் தவறாமல் மாட்டுச் சாணக் கரைசல் ஊற்றுகிறேன்.
– வாசகி, மதுரை

அந்தக் கரைசலை நிறுத்துங்கள், நாள்தோறும் ஊற்றும் தண்ணீரையும் நிறுத்துங்கள். தழைச்சத்தும் ஈரமும் தாராளமாகக் கிடைக்கும்வரை காகிதப்பூ இலையைத்தான் தள்ளும். மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்து, இலை லேசாகத் துவளத் தொடங்கியபின் ஒருமுறை நன்றாக ஊற்றி, மறுபடி காயவிடுங்கள். இப்படி மூன்று நான்கு வாரம் செய்தால் நுனிகளில் நிறம் தெரியும். பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள், வேர் நெருக்கத்தில்தான் இது நன்றாகப் பூக்கும். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் நுனியில் ஓரடி வெட்டிவிட்டு, அப்போது மட்டும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கொடுத்தால் போதும்.

சென்னையில் மொட்டைமாடியில் பன்னீர் திராட்சை வளர்க்க முடியுமா? தேனி மாவட்டம் கம்பம் ஊரிலிருந்து கன்று கொண்டுவந்தேன். மூன்றாம் வருடம், குலை வரவில்லை.
– வாசகர், குரோம்பேட்டை

முடியும். ஆனால் திராட்சையைச் சும்மா படரவிட்டுப் பழம் எதிர்பார்க்க முடியாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் கவாத்துக் கத்தியால், அதாவது கொடியைப் பருவம் பார்த்து வெட்டிவிடுவதால் விளைவதுதான்.

போன பருவத்தில் வளர்ந்து, முற்றிப் பழுப்பேறிய கொடியின் மொட்டுக்குள்தான் குலை இருக்கும். வெட்டாமல் விட்டால் நுனி மொட்டுகள் மட்டும் முளைத்து ஓடிக்கொண்டே போகும், அடி மொட்டுகள் உறங்கிவிடும். உங்கள் கொடிக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும். ஒற்றைத் தண்டாகப் பந்தல் உயரம்வரை ஏற்றி, நுனியைக் கிள்ளி, இரு பக்கமும் இரண்டு கைகளாகப் பிரித்து விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதிலிருந்து வரும் கிளைகளில் பென்சில் தடிமனுள்ள பழுப்புக் கொடிகளை நான்கு மொட்டு விட்டு வெட்டுங்கள். மெலிந்தவற்றை ஒன்றிரண்டு மொட்டோடு நிறுத்துங்கள். சென்னைக்கு டிசம்பர் கடைசி, ஜனவரிக் கவாத்து ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், ஏப்ரல்–மே மாதங்களில் பழம் எடுக்கலாம். மே–ஜூனில் வெட்டி ஆகஸ்ட்–செப்டம்பரில் எடுக்கும் போகமும் உண்டு. ஆனால் அதில் மழையும் நோயும் சேர்ந்து வரும். மாடித்தோட்டத்துக்கு ஒரு போகம் போதும் என்பது என் கருத்து.

கடலோர ஈரப்பதத்தில் அடிச்சாம்பல் நோய் நிச்சயம் எட்டிப்பார்க்கும். இலையின் மேல் எண்ணெய்ப் புள்ளிபோல மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பூசணம். இதற்கு 1 சதவீத போர்டோ கலவை நல்ல தடுப்பு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் நீரில் 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரையுங்கள். இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீர்த்து, 5 லிட்டர் ஆக்கி வடிகட்டுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றக் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். அதில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேருங்கள். இரும்பு வாளி வேண்டாம். கலந்த அன்றே தெளித்துத் தீர்த்துவிடுங்கள், வைத்திருந்தால் கெடும்.

தொட்டி 100 லிட்டர் டிரம்முக்குக் குறையக் கூடாது. பந்தல் கால்களுக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயை 20 லிட்டர் பெயின்ட் வாளியில் நிறுத்தி கான்கிரீட் நிரப்புங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 48 கிலோ வரும். அதை மட்டும் நம்பாமல் கைப்பிடிச் சுவரோடும் கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள், புயல் மாதத்தில் இலையடர்ந்த பந்தல் காற்றை வாங்கும். ஆணியோ போல்ட்டோ சுவரின் பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். தளத்தில் துளையிட்டால் அடுத்த மழைக்கு ஒழுக்கு நிச்சயம்.

சுவரில் தானே ஒட்டி ஏறும் சுவர்க்கொடி, கட்டடத்தைக் கெடுக்குமா?
– வாசகர், கோவை

நல்ல சிமென்ட் பூச்சாக இருந்தால் சுவரை உடைக்காது. ஆனால் விரிசல் உள்ள பூச்சில் வேர் நுழைந்து அகலப்படுத்தும். பிய்த்தெடுத்தால் பெயின்டோடு வரும், கறுத்த வேர்த்தடம் சுரண்டினாலும் முழுதாகப் போகாது. வெளி மதிலுக்குப் பரவாயில்லை. வீட்டுச் சுவரில் நான் ஏற்றமாட்டேன். ஒட்டுவேர்க் கொடியே வேண்டும், பயனும் வேண்டும் என்றால் முற்றிய முருங்கை, மாமர அடியில் மிளகு ஏற்றலாம். கோவையின் மேற்குப் பகுதித் தட்பவெப்பத்துக்கு அது நன்றாகவே வரும்.

கோவைக்காய் விதை போட்டு வளர்த்தேன். காய் கசக்கிறது. வேலியில் படர்ந்ததை வெட்டிவிடவா?
– வாசகி, ஈரோடு

வெட்டிவிடுங்கள், அந்தக் கசப்பு மாறாது. சமைக்கும் கோவையை விதையில் வளர்ப்பதில்லை. நல்ல காய் தரும் கொடியிலிருந்து பென்சில் தடிமனில் நான்கு கணுவுள்ள குச்சி வாங்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். கோவையில் ஆண், பெண் கொடி தனித்தனி. நாட்டுக்கோவை விதையில் பாதிக்கு ஆண் வந்து காய்க்காமலே நிற்கவும் கூடும்.

சிறு குழந்தைகள் உள்ள வீடு. எந்தக் கொடியைத் தவிர்க்க வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

செங்காந்தள் முதலாவது. மாநில மலர், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் என்ற நஞ்சு உயிரைப் பறிக்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்களும் உண்டு. குன்றிமணிக் கொடியும் வேண்டாம். சிவப்பும் கறுப்புமான விதை குழந்தையின் கையை இழுக்கும், மென்று விழுங்கினால் ஆபத்து. மஞ்சள் பூக்கொடியான அலமண்டாவின் பால் தோலில் பட்டால் அரிக்கும், வாயில் போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இந்த வீட்டுக்குச் சங்குப்பூ வையுங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து நட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும், இரண்டு மாதத்தில் பூக்கும். காய்ந்த காய்களை மட்டும் அவ்வப்போது பறித்துவிடுங்கள், விதை தின்றால் வயிற்றைக் கலக்கும்.