ராஜா பட்டாளத்துப் பதக்கம்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பூட்டனாரின் வெள்ளிப் பதக்கம் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், 1914 – 1918. விளிம்பில் 'மைசூர் ஐ.எஸ். லான்சர்ஸ்' என்பது தெரிகிறது. அதற்கு முன்னால் உள்ளது கறுத்துவிட்டது. ஐ.எஸ். என்றால் இந்தியன் ஸ்டேட்ஸா? புளி போட்டுத் துலக்கலாமா?
– வாசகர், செந்தூல்

புளி, பற்பசை, பிராஸோ எதுவும் வேண்டாம். கறுப்போடு சேர்ந்து எழுத்தும் தேய்ந்துபோகும். எழுத்து போனால் மிஞ்சுவது வெறும் வெள்ளிதான். பதக்கத்தின் விட்டம் 36 மி.மீ., ஆகவே சுற்றளவு ஏறக்குறைய 113 மி.மீ. 12 செ.மீ. நீளத்தில் மெல்லிய தாள் துண்டு ஒன்றை விளிம்பைச் சுற்றி இழுத்துப் பிடித்து, மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். எண், பதவி, பெயர், படை என்ற வரிசையில் எழும். எழாவிட்டால் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். அளந்து பார்க்கும்போது விட்டம் ஓரிடத்தில் மட்டும் 36 மி.மீ.க்குக் குறைந்தால், பழைய பெயரை யாரோ அராவி எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். லான்சர்ஸ் என்றால் ஈட்டி ஏந்திய குதிரைப்படை, ஆகவே பதவி 'சவார்' அல்லது 'தஃபேதார்' என்று இருக்க வேண்டும். 'சிப்பாய்', 'ஹவில்தார்' எல்லாம் காலாட்படைக்கு உரியவை.

ஐ.எஸ். என்பது 'இம்பீரியல் சர்வீஸ்'. 1880களின் கடைசியில் வந்த ஏற்பாடு அது: மகாராஜா தம் செலவில் படை வைத்துக்கொள்வார், போர் வந்தால் பிரிட்டிஷாருக்கு அனுப்புவார். முதல் உலகப்போருக்குப் பிறகுதான் 'இந்தியன் ஸ்டேட்ஸ் ஃபோர்சஸ்' என்ற பெயர் வந்தது. அதன் சுருக்கம் ஐ.எஸ்.எஃப். ஓர் எழுத்துத்தான் கூடுதல், காலம் வேறு.

மைசூர் லான்சர்ஸ் என்றதும் எல்லாரும் ஹைஃபாவை (இன்றைய இஸ்ரேலில் உள்ள துறைமுக நகர், அன்று துருக்கியர் வசம் இருந்தது) சொல்வார்கள். 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர்ப் படை நகரை நோக்கி நேராகப் பாய்ந்தது. கிஷோன் ஆற்றுப் புதைமணலில் குதிரைகள் சிக்கவே, இடப்புறம் திரும்பி மலையடிவாரமாக நுழைந்தது. கார்மல் மலைமேல் இருந்த பீரங்கிகளைப் பிடிக்க ஏறியவர்கள் மைசூர்க்காரர்கள். எதிரிகளில் 1,350 பேர் கைதானார்கள். நம் பக்கம் இறந்தவர்கள் 8 பேர், இறந்த குதிரைகள் 60. ஆனால் இந்தப் பதக்கம் இருப்பதாலேயே பூட்டனார் ஹைஃபாவில் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. போர்க்களப் பணிக்காகப் பொதுவாகக் கொடுத்தது அது.

பிரிட்டிஷ் இந்திய இராணுவப் பட்டியலில் மட்டும் தேடிவிட்டு 'கிடைக்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். சம்பளம் கொடுத்தது மைசூர் அரசு. பெங்களூரில் உள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு பி.வி.சி. உறையும் ஆகாது, அமிலமில்லாத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

தாத்தா 'ஹைதராபாத் பட்டாளத்தில்' இருந்து சிலிம் ரிவரில் சண்டை போட்டார் என்பார்கள். அப்படியானால் அவர் நிஜாமின் சிப்பாய்தானே?
– வாசகி, பட்டர்வொர்த்

அநேகமாக இல்லை. எங்களுக்கு வரும் கடிதங்களில் அதிகம் பார்க்கிற குழப்பம் இதுதான். 1941இல் அந்தப் பெயரோடு மலாயாவில் இரண்டு படைகள் இருந்தன. கோத்தா பாரு விமானத் தளத்தைக் காத்தது 'முதலாம் ஹைதராபாத் இன்ஃபன்ட்ரி'. அது நிஜாமின் படை, ஐ.எஸ்.எஃப். டிசம்பர் 7 நள்ளிரவு தாண்டி, 8ஆம் தேதி பிறந்ததும் ஜப்பானியர் கரையிறங்கியபோது அங்கே இருந்தது அதுதான்.

1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகளிடம் சிக்கியது '4/19 ஹைதராபாத் ரெஜிமெண்ட்', அதாவது 19ஆம் ஹைதராபாத் ரெஜிமெண்டின் நான்காம் பட்டாலியன். அது பிரிட்டிஷ் இந்திய இராணுவம். நிஜாமின் செலவில், பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இருந்த பழைய 'கன்டின்ஜென்ட்' படையின் வழிவந்ததால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. (அந்தச் செலவுப் பாக்கிக்குத்தான் 1853இல் பேரார் மாகாணம் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. பட்டாளம் வைத்த கடனில் ஒரு மாகாணமே போயிற்று!) சிப்பாய்களில் பெரும்பாலோர் குமாவோன், ஜாட், அகிர் இனத்தவர். 1945இல் பெயரே 'குமாவோன் ரெஜிமெண்ட்' என்று மாறிவிட்டது.

ஆகவே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் 'ஹைதராபாத்' என்று மட்டும் அடித்தால் இரண்டும் கலந்து வரும். படைப்பெயரில் 'ரெஜிமெண்ட்' இருக்கிறதா, 'இன்ஃபன்ட்ரி' இருக்கிறதா என்று பாருங்கள். போரில் இறந்தவர்கள் மட்டுமே அங்கே இருப்பார்கள். பிழைத்து வந்தவரைத் தேடிப் பயனில்லை. பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தைப்பிங்கில் கல்லறை தேட வேண்டாம். சிங்கப்பூர் கிராஞ்சியில் அவர்களுக்கென்றே தனி நினைவுச் சின்னம் உண்டு.

திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கிய, டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டி லனாய் எங்கே அடக்கமானார்?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குள், கூரையில்லாத தேவாலயத்தில். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியாகி, 1777இல் இறந்தவர். கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சியில் இறங்குங்கள்.