இல்லாத ஸ்டார்ட்டருக்கு ரிலே

கேள்வி: ஹைப்ரிட் கார் வைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் சர்க்யூட் எரியாமல் இருக்க ஓவர்லோடு ரிலே போடச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: முழு ஹைப்ரிட் (மின் மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) என்றால் பெரும்பாலும் எஞ்சினைக் கிளப்பும் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. 1997-ல் வந்த டொயோட்டாவின் முதல் பிரியஸ் ஹைப்ரிடிலேயே எஞ்சினைச் சுழற்றிவிட்டது மோட்டார்-ஜெனரேட்டர்தான். அதற்கு மின்சாரம் பெரிய பேட்டரியிலிருந்து, அதை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் வழியாக வருகிறது. கரன்ட் எல்லை மீறினால் இன்வெர்ட்டரே நிறுத்திவிடும். மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டும் செய்யும் சில மைல்டு ஹைப்ரிடில் பழைய 12 வோல்ட் ஸ்டார்ட்டரும் இருக்கும். அதற்கும் இந்த ரிலே உதவாது.

ஏன் என்கிறீர்களா? மூன்று ஃபேஸ் தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டருக்குக் கீழே, ஆம்பியர் வைக்கும் சின்ன டயலோடு உட்கார்ந்திருப்பதுதான் ஓவர்லோடு ரிலே. கரன்ட் கூடினால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்து கான்டாக்டரை விடுவிக்கும். அதற்குப் பல விநாடிகள் ஆகும், சில சமயம் நிமிடங்களே ஆகும். கார் ஸ்டார்ட்டரோ நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஓரிரு விநாடி இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். பட்டை சூடாவதற்குள் வண்டி தெருமுனை தாண்டியிருக்கும். ஷார்ட் ஆனால் காப்பாற்றுவது ஃபியூஸ். ரிலே வளையும்வரை ஒயர் காத்திருக்காது.

'பாதுகாப்பு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், எதையும் நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். நானும் தப்பவில்லை. மைலேஜ் கூடும் என்று லைட்டர் சாக்கெட்டில் செருகும் கருவி ஒன்று வாங்கினேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் ஒரு பச்சை எல்இடி, இரண்டு ரெசிஸ்டர். விளக்கு மட்டும் பிரமாதமாக எரிந்தது.

கேள்வி: அந்த ரிலேயை ஆரஞ்சு ஒயரில் சேர்த்துத் தருவதாக நண்பர் சொல்கிறார்.

பதில்: ஆரஞ்சு என்றால் உயர் வோல்டேஜ், ஆளைக் கொல்லும். நண்பரைக் கார் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: ரிலே வாங்கிவிட்டேன். பில் இல்லை, பெட்டியும் எறிந்தாயிற்று. திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: எதைக் காட்டி?

கேள்வி: கார் கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வரவில்லை. ஹைப்ரிட் பேட்டரி போச்சு என்று பெரிய தொகைக்கு மாற்றினார்கள். கடைசியில் கோளாறு சின்ன 12 வோல்ட் பேட்டரியில்!

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. கம்ப்யூட்டரை எழுப்புவதும் பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான மெயின் ரிலேயை இயக்குவதும் அந்தச் சின்ன பேட்டரிதான். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்; மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் விற்றிருக்கிறார்கள். எந்தப் பிழைக் குறியீட்டைப் பார்த்து மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், கழற்றிய பேட்டரி எங்கே என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பில்லோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள்.