கேட்ச் கேன் மாட்டினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2023-ல் 18 லட்ச ரூபாய்க்கு 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வில் கரி படியும் என்று நண்பர்கள் சொன்னதால், சென்ற ஆண்டு வெளி கேரேஜில் ஆயில் கேட்ச் கேன் (எஞ்சின் வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் சின்ன டப்பா) மாட்டினேன். இப்போது டர்போவில் ஆயில் கசிகிறது. வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில் பானெட்டைத் திறந்து கேனைப் பார்த்ததுமே, "மாடிஃபை செய்த வண்டிக்கு வாரண்டி கிடையாது" என்று 1.4 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். கேனைக் கழற்றிவிட்டு வேறு சர்வீஸ் சென்டருக்குப் போகலாமா? கேன் மாட்டியதே குற்றம் என்கிறார்களே, உண்மையா? எப்போதாவது செட்டிபாளையத்தில் உள்ள 'கரி ஸ்பீட்வே' பந்தய டிராக்கில் ஓட்டுவதும் உண்டு.

பதில்: கேனைக் கழற்றாதீர்கள். முதல் சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரில் உங்கள் வண்டியைப் பற்றி எழுதியது, அதே கம்பெனியின் அடுத்த சர்வீஸ் சென்டரிலும் தெரியும். நாளை வழக்கு என்று வந்தால், "சாட்சியத்தை மறைத்தார்" என்ற ஒரு வரியே உங்களைத் தோற்கடிக்கப் போதும். உண்மையில் அந்தக் கேன் உங்களுக்குச் சாதகமான சாட்சியாகவும் இருக்கலாம்.

இந்த வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டர்போ கசிந்ததற்குக் கேன் காரணமா? அப்படி ஆகவே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிசிவி வால்விலிருந்து கேனுக்குப் போகும் ஹோஸ் மடங்கியிருந்தாலோ, கேன் நிரம்பி வழி அடைத்திருந்தாலோ, எஞ்சினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸில் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் டர்போவுக்குப் போன ஆயில் ஒழுங்காகத் திரும்பி இறங்காது, சீல் வழியாகக் கசியத் தொடங்கும். ஆனால் ஹோஸ் நேராக இருந்து, கேனும் பாதி காலியாக இருந்தால் இந்தக் கதை நிற்காது. சர்வீஸ் சென்டர் இதையெல்லாம் பார்த்ததா? உங்கள் கடிதப்படி, கேனைப் பார்த்ததோடு சரி. அந்த அவசரம்தான் அவர்கள் செய்த தவறு.

இணையத்தில் சிலர் அமெரிக்காவின் மாக்னசன்-மாஸ் சட்டத்தை மேற்கோள் காட்டுவார்கள். அது 1975-ல் வந்த அமெரிக்கச் சட்டம், கோவையில் செல்லாது. நமக்கு இருப்பது வேறு. 2014 ஆகஸ்ட் 25-ல் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. வெளியில் ரிப்பேர் செய்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த வேலையின் கோளாறால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அது ரிப்பேர் பற்றியது, கூடுதல் பாகம் மாட்டுவது பற்றியதல்ல. மேல்முறையீட்டுக்கும் போன உத்தரவு. ஆகவே அதைக் கோடாரியாகத் தூக்காமல், வாதத்துக்குத் துணையாகவே வைத்துக்கொள்வேன்.

குற்றமா என்ற கேள்விக்கு, உங்கள் கேன் எந்த வகை என்று தெரிய வேண்டும். கேனிலிருந்து இன்னொரு ஹோஸ் திரும்ப இன்டேக்குக்கே போகிறதா, அல்லது கேனின் தலையில் சின்ன ஃபில்டரை வைத்து வாயுவை வெளியே விட்டிருக்கிறார்களா? இரண்டாவது வகை என்றால் உடனே சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் போட்டோ எடுத்த பிறகு. பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கிரான்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் போகும். புகைப் பரிசோதனை சர்டிஃபிகேட் இருக்கிறதே என்பீர்கள். அது சைலன்சர் புகையை மட்டும் பார்க்கிறது.

வாயு திரும்ப உள்ளேயே போகும் வகை என்றால் நிலைமை தேவலாம். அதே சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது, வண்டியின் கட்டமைப்பை மாற்றி அடிப்படை அம்சத்தையே மாற்றுவதை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றுதான் சொன்னது. ஒரு சின்ன கேன் அந்த எல்லைக்குள் வராது என்று தாராளமாக வாதாடலாம். வாதாடலாம் என்கிறேன், ஜெயித்தே தீரும் என்று சொல்லவில்லை. ஏனென்றால் 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு, பாகம் மாட்டுவதையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கேன் அல்ல, கடைசி வரி. பந்தயத்துக்கோ டிராக்கிலோ ஓட்டிய வண்டிக்கு வாரண்டி இல்லை என்று பெரும்பாலான வாரண்டி புத்தகங்களிலேயே இருக்கும். உங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் அங்கே கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று நினைத்தால், சாதாரண கார் பாலிசியில் இயந்திரக் கோளாறு வராது.

இப்போது செய்ய வேண்டியது: வாரண்டியை ஏன் மறுக்கிறீர்கள், எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று சர்வீஸ் சென்டருக்கும் கார் கம்பெனிக்கும் மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். ஜாப் கார்டின் நகலையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும், கட்டணம் 400 ரூபாய். சர்வீஸ் சென்டர் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், மறுத்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். சர்வீஸ் சென்டர், கார் கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

பழுதை நிபுணரிடம் ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதுவரை வண்டியை நிறுத்திவைக்க முடியாது என்றால், கை வைக்கும் முன்பே தனியாக ஓர் ஆட்டோமொபைல் எஞ்சினியரை அழைத்து, ஹோஸ், கேனில் உள்ள ஆயிலின் அளவு, டர்போ எல்லாவற்றையும் போட்டோவோடு அறிக்கையாக வாங்குங்கள். அதன் பிறகு டர்போவை மாற்றிக்கொள்ளலாம். பழைய டர்போவை மட்டும் சர்வீஸ் சென்டரில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, கேனோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வையுங்கள்.