தோற்பதற்குக் காசா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் ‘எல்டன் ரிங்’ என்ற கேமை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே அரக்கனிடம் மாலை முழுவதும் செத்துச் செத்துப் பிழைக்கிறான். கோபப்படுகிறான், ஆனால் நிறுத்தவும் மறுக்கிறான். காசு கொடுத்துத் தோற்பதில் என்ன இன்பம்? – ஒரு தாய், சேலம்

பதில்: தங்கள் மகன் மோதிக்கொண்டிருப்பது அநேகமாக மார்கிட் என்னும் பாத்திரமாக இருக்கும், புதிதாக வருபவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்தி வைக்கிறது அந்த கேம். மார்கிட் கோலை ஓங்குவான், ஆனால் உடனே அடிக்க மாட்டான். ஓங்கியதைப் பார்த்ததுமே பதறி உருண்டு விலகுகிறவன், உருண்டு எழும் நேரத்தில் சரியாக அடி வாங்குவான். வேறு கேம்களில் விரைவாகப் பொத்தானை அழுத்திப் பழகிய கைக்கு, அடி விழும் கணம் வரை காத்திரு என்று கற்றுத் தருவதற்காகவே அந்தச் சண்டை அமைக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய கேம்களில் தாக்குவது, உருள்வது, ஓடுவது எல்லாமே, பாத்திரத்தின் தெம்பைத் திரையில் காட்டும் ‘ஸ்டாமினா’ என்ற ஒரே கோட்டிலிருந்துதான் செலவாகின்றன. ஆசைப்பட்டு ஓர் அடி கூடுதலாக அடித்தால், விலகுவதற்குத் தெம்பு மிஞ்சாது. இறந்தால், எதிரிகளை வீழ்த்திச் சேர்த்து வைத்த ‘ரூன்’ (வலிமையைக் கூட்டிக்கொள்ளச் செலவிடும் நாணயம்) செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு, அதற்குள் மறுபடி இறந்தால் அது போனது போனதுதான். ஆனால் கண்டெடுத்த ஆயுதம், திறந்துவிட்ட குறுக்குவழி, வீழ்த்திய எதிரித் தலைவன் ஆகியவை அப்படியே இருக்கும். கை கற்றுக்கொண்டதும் எங்கும் போவதில்லை. நேற்று பத்து நொடிகூடத் தாங்காதவன் இன்று பாதிச் சண்டையைக் கடக்கிறான் என்றால், அதை அவனே கண்ணால் பார்க்கிறான். நிறுத்த மறுப்பதற்குக் காரணம் அதுதான்.

இதைச் சொல்லும்போது, அந்த கேமில் உள்ள எல்லாச் சண்டைகளுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். பிற்பகுதியில் வரும் மலேனியா, கேடயத்தால் தடுத்தாலும்கூட ஒவ்வொரு அடியிலும் தன் உயிரைக் கூட்டிக்கொள்கிறாள். போதாததற்கு, காற்றில் எழும்பி அவள் நிகழ்த்தும் வாள்சுழற்சியைப் பார்த்து மட்டுமே தப்பும் வழியைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். எதிரியின் அசைவைக் கவனித்தால் விடை கிடைக்கும் என்ற உடன்பாட்டை கேமே மீறும் இடம் அது. அதற்குக் கடினம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை. அடாவடி என்றே சொல்வேன்.

கேள்வி: இவ்வளவு விற்பனையாகும் என்றால், பெரிய நிறுவனங்கள் இத்தகைய கேம்களை முன்பே தயாரிக்காதது ஏன்? – ஒரு வாசகர், கோவை

பதில்: தயாரித்து முடித்ததையே வெளியிடத் தயங்கினார்கள் என்பதுதான் வரலாறு. டோக்கியோவின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்ற திட்டம் தோல்வி என்றே கருதப்பட்டுத் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஆரக்கிள் நிறுவன வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்கு 2004இல் அங்கே சேர்ந்திருந்த ஹிதெடாகா மியாசாகி அதைத் தாமே முன்வந்து ஏற்றார். ஏற்கெனவே தோற்ற திட்டம் என்பதால், தாம் தோற்றாலும் யாரும் பொருட்படுத்தப் போவதில்லை என்பது அவருடைய கணக்கு. 2009 பிப்ரவரியில் ஜப்பானில் சோனி அதை வெளியிட்டது. சோனியின் கேம் தயாரிப்புப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ஷுஹேய் யோஷிதா, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் விளையாடியும் தொடக்கப் பகுதியைத் தாண்ட முடியாமல், இது மட்டமான கேம் என்று தாம் முடிவுகட்டியதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். அமெரிக்காவில் வெளியிடச் சோனி முன்வரவில்லை. அட்லஸ் என்ற வேறு நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது. பதினோரு ஆண்டுகள் கழித்து, பிளேஸ்டேஷன் 5 கடைக்கு வந்த அன்றே விற்பதற்காகச் சோனி தேர்ந்தெடுத்தவற்றுள் அதே கேமின் மறுபதிப்பும் ஒன்று.

மியாசாகி 2014இல் நிறுவனத்தின் தலைவரானார். அந்நிறுவனம் தயாரித்து 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ 3 கோடிப் பிரதிகளைக் கடந்துவிட்டது. ஆனால் இதைப் பார்த்து இத்துறை கற்றுக்கொண்டது, ‘கடினமாக எடுத்தால் விற்கும்’ என்ற தவறான பாடத்தையே என்பது என் கருத்து. ஃப்ரம்சாஃப்ட்வேரின் கேம்களை அடுத்தடுத்து ஆடுகிறவர்களுக்கு, முந்தைய கேமின் அசைவுகளும் பொருள்களும் அடுத்ததில் தயக்கமின்றித் திரும்ப வருவது தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் முகத்தின் வியர்வைத் துளியைப் புதிதாக வரைவதில் பணத்தைக் கொட்டாமல், செலவை உலகத்தின் அமைப்பிலும் சண்டையின் அளவிலும் இடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், சோனி சுமார் 900 பேரையும் வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்த அதே 2024இல், ஃப்ரம்சாஃப்ட்வேர் சம்பள உயர்வை அறிவித்தது. ஜப்பானியச் சட்டத்தின்கீழ் ஆட்களை நீக்குவது எளிதல்ல என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். ஆயினும் செலவுக் கணக்கைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

கேள்வி: ‘எளிய நிலை’ என்ற தேர்வைச் சேர்த்தால் யாருக்கு என்ன நட்டம்? ரசிகர்கள் ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள்? – ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இந்தச் சண்டை 2019இல் ஃப்ரம்சாஃப்ட்வேரின் ‘செகிரோ’ என்ற கேம் வெளிவந்தபோது உச்சத்தை அடைந்தது. அதில் இரு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதலாவது, சண்டையின் கடினம். ‘எல்டன் ரிங்’கில் எளிய நிலை ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது மெனுவில் இல்லாமல் உலகத்துக்குள் கலந்திருக்கிறது. ஆவித் துணைகளை அழைக்கலாம், இணையம் வழியாக வேறொரு வீரரை உதவிக்குக் கூப்பிடலாம், அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு திசையில் போய் வலுவோடு திரும்பலாம். துணையை அழைத்து வென்றால் வெற்றியே அல்ல என்று கூறும் ரசிகர்கள், கேமைச் செய்தவர்களைவிடத் தாங்களே அதிகம் அறிந்தவர்கள் என்று நம்புகிறார்கள். அவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ‘செகிரோ’வின் நிலை வேறு. வாளும் வாளும் மோதும் தாளம்தான் அந்த கேமே என்பதால், அதைத் தளர்த்தினால் மிஞ்சுவது குறைவு. அப்படியும் தளர்த்தித்தான் ஆட வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அதனால் எனக்கு எந்த நட்டமும் இல்லை. கொரியாவின் ‘லைஸ் ஆஃப் பி’ 2023இல் வந்தது. 2025இல் அதில் எளிய நிலைகளைச் சேர்த்தார்கள். பழைய கடினத்திலேயே ஆட விரும்புகிறவர்களுக்கு அதுவும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, உடலாலோ பார்வையாலோ சிரமப்படுகிறவர்களுக்கான வசதிகள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதற்கும் எதிரியின் வலிமைக்கும் என்ன தொடர்பு? இணையத்தைத் துண்டித்துத் தனியாக ஆடும்போதுகூட ‘எல்டன் ரிங்’கை முறையாக நிறுத்திவைக்க முடியாது, அழைப்பு மணி அடித்தால் கதவைத் திறப்பதா, சாவதா என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அதே நிறுவனத்தின் ‘செகிரோ’வில் நிறுத்திவைக்க முடிகிறது என்பதால், கலைக்கொள்கை என்ற சமாதானமும் இங்கே எடுபடாது.

கேள்வி: ‘பிளாக் மித்: வுகோங்’ இந்த வகையில் சேருமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாதி சேரும். சீனாவின் ஹாங்சோவில் இயங்கும் கேம் சயின்ஸ் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அது, மூன்றே நாள்களில் 1 கோடிப் பிரதிகள் விற்றது. எதிரித் தலைவர்கள் கடுமையானவர்கள். ஆனால் செத்தால் சேர்த்ததை இழப்பதில்லை, ஆகவே காட்டுவழியில் நடக்கும்போது வயிற்றில் புளியும் கரைவதில்லை. அந்த அச்சம்தான் வேண்டும் என்பவருக்கு அது சப்பென்று இருக்கும்.

கேள்வி: கடினத்தைத் தவிர, இந்த கேம்களில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தொழில்நுட்ப அலட்சியம். விளையாடுபவர்கள் மனுக் கொடுத்து வேண்டிய பிறகு, 2012இல் கணினிக்கு வந்த ஃப்ரம்சாஃப்ட்வேரின் ‘டார்க் சோல்ஸ்’ குறைந்த தெளிவுத்திறனில் பூட்டப்பட்டிருந்தது. ஊதியம் வாங்காத ஒரு ரசிகர் அதை உடனடியாகச் சரிசெய்து கொடுத்தார். அதே நிறுவனம் தயாரித்து 2015இல் வந்த ‘பிளட்போர்ன்’ இன்றுவரை நொடிக்கு 30 படங்களிலேயே நிற்கிறது. அடி விழும் கணத்தை நம்பி ஆடச் சொல்லும் கேமில் படம் திணறினால், தோல்விக்கு யார் பொறுப்பு என்பதே குழம்பிவிடுகிறது. ‘டீமன்ஸ் சோல்ஸ்’ மூலப் பதிப்பின் சர்வர்களை 2018இல் மூடியபோது, பிற வீரர்கள் தரையில் எழுதிவைத்த எச்சரிக்கைக் குறிப்புகளும் அவற்றோடு போயின.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறவர் எதை முதலில் ஆடலாம்? – பலர்

பதில்: ‘எல்டன் ரிங்’. தொடக்கப் பகுதியிலிருந்து வெளியே வந்ததும் தங்கக் கவசம் அணிந்த குதிரைவீரன் ஒருவன் எதிரே உலவுவான். அவனோடு மோதாமல் சுற்றிக்கொண்டு போங்கள். தொடக்கத்தில் கிடைக்கும் ரூன்களை வாளின் வலிமைக்குச் செலவிடாமல், உயிரின் அளவைக் கூட்டும் ‘விகர்’ என்பதிலேயே போடுங்கள். மார்கிட்டிடம் பிறகு போகலாம்.