மூலிகைச் சாறும் கிருமித் தட்டும்: கேட்டதும் சொன்னதும்

பாக்டீரியாவை வளர்ப்பதும் கொல்வதும்தான் நெடுங்காலமாக என் வேலை. மூலிகைச் சாறு எந்தக் கிருமியை எந்த அளவில் தடுக்கிறது என்று சோதிப்பது பற்றி எதையும் கேளுங்கள். எந்த நோய்க்கு எதைக் குடிக்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் மருத்துவர் இல்லை.

இலைநரம்பு: வணக்கம் அம்மா. முதுகலை ஆய்வு செய்கிறேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வளர்த்த தட்டில், கிருமி வளராத வளையம் என் இலைச் சாற்றைச் சுற்றி 18 மி.மீ., சிப்ரோஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தோய்ந்த வட்டைச் சுற்றி 27 மி.மீ. அப்படியானால் என் சாற்றுக்கு மருந்தின் மூன்றில் இரண்டு பங்கு வலிமை உண்டு என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். சிப்ரோஃபிளாக்சசின் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம். நீங்கள் எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லவில்லை. வழக்கமாகச் செய்வதுபோல மில்லிக்கு 100 மில்லிகிராம் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் என்றால் 5 மில்லிகிராம் ஆகிறது. மருந்தைவிட ஆயிரம் மடங்கு வைத்துவிட்டு வளையம் சிறியதாக இருக்கிறது என்கிறீர்கள். இதில் எங்கே வருகிறது மூன்றில் இரண்டு?

இன்னொன்று, வளையத்தின் அகலம் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. பொருள் அகாரில், அதாவது கிருமி வளரும் கூழில், எவ்வளவு தூரம் ஊர்ந்து போனது என்பதும் அதில் கலந்திருக்கிறது. டானின் போன்ற பெரிய மூலக்கூறுகள் கிளம்பிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பசையுள்ளவை நீர் நிறைந்த அகாரில் நகரவே தயங்கும். கடுமையாகக் கொல்லும் பொருளுக்குச் சிறிய வளையமும், சுமாரான பொருளுக்குப் பெரிய வளையமும் வருவது இதனால்தான். தட்டில் அகார் 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். மெல்லியதாக ஊற்றினால் வளையம் தானாகவே பெருத்துவிடும். கிருமியை 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலுக்கு, அதாவது மில்லிக்குச் சுமார் 15 கோடி என்ற அளவுக்குக் கொண்டுவராமல் கண்மதிப்பில் பூசினாலும் அளவு மாறும்.

1966-இல் பாவரும் கிர்பியும் சகாக்களும் இந்த வட்டு முறையை ஒழுங்குபடுத்தியபோது, ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மி.மீ. என்றால் என்ன பொருள் என்று தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உங்கள் இலைக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. வளையத்தை ‘ஏதோ இருக்கிறது’ என்பதற்கான அடையாளமாக வைத்துக்கொண்டு, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவுக்கு, அதாவது கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பதற்குப் போங்கள். இனி எம்ஐசி என்றே சொல்கிறேன். கடைசியாக ஒன்று: சாறு இல்லாத வெறும் கரைப்பானை ஒரு குழியில் வைத்தீர்களா? இதை எல்லோரிடமும் கேட்பேன், சலித்துக்கொள்ள வேண்டாம்.

புதுத்தட்டு: என் சாற்றுக்கு 14 மி.மீ. வருகிறது. நல்லதா?

மேலே பாருங்கள். வெறும் கரைப்பானுக்கு எத்தனை?

அடிவேர்: தண்ணீரா, மெத்தனாலா, ஹெக்சேனா? எதில் பிரித்தெடுப்பது நல்லது?

எதைத் தேடுகிறீர்களோ அதைப் பொறுத்தது. தண்ணீரில் சர்க்கரை, புரதம், டானின் எல்லாம் வரும். மெத்தனாலிலும் எத்தனாலிலும் ஃபீனால் வகைகளும் பல ஆல்கலாய்டுகளும் வரும். ஹெக்சேனில் கொழுப்பும் மெழுகும். மூன்றிலும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதே வழக்கம்.

வெப்பத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூண்டில் கிருமியைக் கொல்லும் அல்லிசின் முன்கூட்டியே இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அல்லினேஸ் என்ற நொதி அல்லினை மாற்றி உண்டாக்குகிறது. முழுப் பல்லைக் கொதிநீரில் போட்டு நொதியை முதலில் கொன்றுவிட்டு, பூண்டில் ஒன்றுமில்லை என்று முடிவு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சீன ஆய்வாளர் டூ யூயூ அம்மையார் 1971-இல் ஆர்ட்டிமிசினின் உள்ள வீரியமான சாற்றைப் பிடித்தது, கொதிக்க வைப்பதை விட்டுவிட்டுக் குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்த பிறகுதான். அது மலேரியா ஒட்டுண்ணிக்கான மருந்து, பாக்டீரியாவுக்கு இல்லை. ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும்.

ஆவல்: தொண்டையில் பஞ்சு தடவி வீட்டிலேயே தட்டில் வளர்த்து, துளசிச் சாறு ஊற்றிப் பார்க்கலாமா?

கூடாது. தொண்டையில் கொஞ்சமாக இருக்கும் கிருமியும் தட்டில் ஒரே இரவில் கோடிகளாகிவிடும். 121 டிகிரியில் 15 நிமிடம் அழுத்த நீராவியில் வேகவைத்துக் கொல்ல வழியில்லாத இடத்தில் எதையும் வளர்க்கக் கூடாது.

பச்சையம்: எம்ஐசி செய்யும்போது 96 குழித் தட்டில் என் சாறு பாசிக்குளம்போல் இருக்கிறது. கலங்கியது கிருமியா சாறா என்றே தெரியவில்லை. ரெசசூரின் போட்டால் எல்லாக் குழியும் இளஞ்சிவப்பாகிறது.

இது நல்ல கேள்வி. உயிருள்ள பாக்டீரியா ரெசசூரினின் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சாயத்தைச் சேர்க்கிறோம். ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்த சாறு, கிருமியே இல்லாமல் அந்த வேலையைத் தானே செய்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் கிருமி சேர்க்காமல் சாறும் வளர்ப்புத் திரவமும் சாயமும் மட்டும் கொண்ட ஒரு வரிசை வையுங்கள். அதுவும் சிவந்தால் சாயத்தை நம்ப வேண்டாம்.

பிறகு என்ன செய்வது? எளிய வழி: ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் புது அகாரில் வைத்து மறுநாள் பாருங்கள். எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் போட்ட கிருமியில் 99.9 விழுக்காடு செத்த செறிவையும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். குழியில் இறுதியாக மில்லிக்கு 5 லட்சம் கிருமி இருக்க வேண்டும். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் ஒரு விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாற்றின் அமிலத்தன்மையையும் அளந்துவிடுங்கள். புளிப்புச் சாறு கொன்றால் அது வினிகர் செய்யும் வேலைதான்.

மூன்றாம்தட்டு: 16 மி.மீ. வந்திருக்கிறது அம்மா. இது சிறப்பான...

வெறும் கரைப்பானுக்கு எத்தனை?

கோலி: ஸ்டாஃபில் சாகிறது, ஈ. கோலியும் சூடோமோனாசும் அசையவே இல்லை. ஏன்?

அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறுகளை அது உள்ளே விடாது. தப்பித் தவறி நுழைந்ததை வெளியே இறைக்கும் பம்புகளும் உண்டு. சூடோமோனாஸ் இரண்டிலும் கெட்டிக்காரக் கிருமி. எதிர்மறை முடிவும் முடிவுதான், மறைக்காமல் எழுதுங்கள்.

கஷாயக்காரர்: உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு பொருளாகப் பிரித்துப் பார்த்துவிட்டு ‘பலன் இல்லை’ என்கிறீர்கள். முழுச் சாற்றில் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும். அதைத் தட்டு காட்டாது.

பாதி சரி. பெர்பெரிஸ் இனச் செடிகளில் உள்ள பெர்பெரின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளை ஸ்டாஃபில் கிருமி நார்ஏ என்ற பம்பால் வெளியே தள்ளிவிடுகிறது. அதே இனச் செடியில் உள்ள இன்னொரு பொருள் அந்தப் பம்பை அடைக்கிறது. தனியே அது எந்தக் கிருமியையும் கொல்லாது. 2000-இல் இது வெளியானது. நீங்கள் சொல்லும் கூட்டணிக்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் காட்டியதே பிரித்துப் பார்த்த சோதனைதான், ஐயா.

கஷாயக்காரர்: ஒரு செடியில் இருந்தால் மற்றவற்றிலும் இருக்கும்.

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சேர்ந்தால் வலுக்கும் என்பதைப் போலவே சேர்ந்தால் மழுங்குவதும் உண்டு. சதுரங்கக் கட்டம்போல் இரண்டு பொருளையும் வெவ்வேறு செறிவில் கலந்து பாருங்கள். சேரும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு குறைவாகப் போதும் என்று காட்டும் கூட்டுக் குறியீடு 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கூட்டணி என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்.

குடுவை: நான் வேதியியல்காரன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கஷாயக்காரர் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. புரோன்டோசில் என்ற பழைய கிருமிக்கொல்லி மருந்து சோதனைக் குழாயில் கிருமியைத் தொடவில்லை. உடலுக்குள் போய் சல்ஃபனிலமைடாக உடைந்த பிறகுதான் வேலை செய்தது. தட்டை மட்டும் நம்பியிருந்தால் 1930-களிலேயே அதைத் தூக்கி எறிந்திருப்போம்.

ஒப்புக்கொள்கிறேன், அருமையான எடுத்துக்காட்டு. உடலுக்குள் மாறுவதையும், நம் எதிர்ப்பாற்றல் வழியாக வேலை செய்வதையும் தட்டு காட்டாது. ஆனால் புரோன்டோசில் எலியைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகுதான் குழாயில் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடினார்கள். இங்கே நடப்பது தலைகீழ். எலியும் இல்லை, நோயாளியும் இல்லை, தட்டிலும் ஒன்றுமில்லை. இருந்தும் ‘உடலுக்குள் வேலை செய்யும்’ என்கிறோம்.

கஷாயக்காரர்: அப்படியானால் மஞ்சள்? எத்தனை கட்டுரைகள்!

கட்டுரைகளுக்குக் குறைவில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் கரைய மறுக்கும், நடுநிலைக் கரைசலில் சிதையும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், தானே ஒளிரும். சோதனையையே குழப்பும் பொருள்களின் வரிசையில் அதை வைத்துப் பேசிய விரிவான மதிப்பீடு 2017-இல் வந்தது. மஞ்சள்மேல் எனக்குப் பகை கிடையாது. ஒரு பொருள் எல்லாச் சோதனையிலும் வெற்றி பெற்றால் சோதனையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

குடுவை: எவ்வளவு எம்ஐசி வந்தால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்?

முழுச் சாற்றுக்கு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே, தனிப் பொருளுக்கு 10-க்குக் கீழே. சாறு 1 மில்லிகிராமைத் தாண்டினால் மேலே தேடுவதில் பயனில்லை என்று 2005-இலேயே எழுதிவிட்டார்கள். அதன் பிறகும் மனித செல்லைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சோப்பு நுரைபோல் சவ்வைக் கிழிக்கும் சப்போனின்கள் சிவப்பணுக்களையும் கிழித்துவிடும்.

தும்மல்: சளிக் காய்ச்சலுக்கு எந்தச் சாறு...

பெரும்பாலும் அது வைரஸ். மருத்துவரிடம் போங்கள்.

நறுமணம்: வாசனை எண்ணெய்களைச் சோதிக்கும்போது, எண்ணெய் போடாத பக்கத்துக் குழியிலும் கிருமி வளரவில்லை.

ஆவி தாண்டியிருக்கிறது. தட்டை ஒட்டுத்தாளால் மூடுங்கள். எண்ணெய்க் குழிகளுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே இடம் விடுங்கள், அல்லது தனித் தட்டு எடுங்கள். எண்ணெய் கலங்கிப் பரவச் சிறிது ட்வீன் 80 சேருங்கள். ட்வீன் மட்டும் போட்ட குழியும் வேண்டும். ஏன் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

புதுத்தட்டு: மீண்டும் நான்தான் அம்மா. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். குழி முறை, 100 மைக்ரோலிட்டர் கலப்பில்லாத மெத்தனால். வெறும் மெத்தனால் குழிக்கு 13 மி.மீ. என்று எழுதி வைத்திருக்கிறேன். சாற்றுக்கு 14.

அந்த 13 ஏன் உங்கள் அட்டவணையில் இல்லை? இரண்டையும் அடுத்தடுத்த கட்டத்தில் எழுதுங்கள். பிறகு மெத்தனாலை முழுக்க ஆவியாக்கிவிட்டு, எஞ்சியதை நீர்த்த டிஎம்எஸ்ஓவில் கரைத்து, மூன்று வெவ்வேறு நாட்களில் திரும்பச் செய்யுங்கள். அப்போது வரும் எண்ணோடு வாருங்கள், பேசலாம்.