மதிலேறலும் முற்றுகையும்

கேள்வி: ஐரோப்பியப் போர் வரலாறுகளில் 'எஸ்கலேட்' என்றொரு சொல் வருகிறது. கோட்டை மதிலில் ஏறித் தாக்குவது என்று அகராதி பொருள் தருகிறது. இதனை 'முற்றுகை' என்று தமிழாக்கலாமா? பழந்தமிழில் இதற்கெனச் சொல் உண்டா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 'முற்றுகை' பொருந்தாது. முற்றுகை என்பது கோட்டையைச் சூழ்ந்து, உள்ளிருப்போர்க்கு உணவும் உதவியும் எட்டாதபடி அடைத்துக் காத்திருப்பது. எஸ்கலேட் என்பதோ மதிலில் ஏணி சார்த்தி ஏறி உட்புகும் தாக்குதல். 1602 டிசம்பரில் சவாய் கோமகனின் படையினர், கழற்றிப் பூட்டக்கூடிய ஏணிகளோடு ஜெனீவா நகர மதிலில் இரவோடு இரவாக ஏறி, முறியடிக்கப்பட்டனர். அங்கே முற்றுகையே நடக்கவில்லை. அவ்வெற்றியை அந்நகரத்தார் இன்றும் ஆண்டுதோறும் 'எஸ்கலாட்' என்ற பெயரிலேயே கொண்டாடுகின்றனர்.

தொல்காப்பியர் இவ்விரண்டையும் கலக்கவில்லை. கோட்டைப் போரைப் பாடும் பிரிவாகிய உழிஞைத் திணையை 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்' என்கிறார். முற்றல் வளைத்தல், கோடல் கைக்கொள்ளுதல். ஏறுதல் கோடலைச் சேர்ந்தது. அதற்கே 'மடையமை ஏணிமிசை மயக்கம்', 'மதில்மிசைக்கு இவர்ந்த மேலோர் பக்கம்' எனத் துறைகள், அதாவது உட்பிரிவுகள், வகுத்துள்ளார். இங்கே மயக்கம் தலைசுற்றல் அன்று. ஏணிமேல் இரு தரப்பாரும் கைகலந்து பொருவது. 'இவர்தல்' ஏறுதல், கொடி கொம்பில் படர்ந்தேறுவதற்கும் இதே சொல்தான்.

ஏறியவன் எதிர்கொண்டவை எவை என்பதைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரை மதிற்பொறிகளை அடுக்கும் இடத்தில் காட்டுகிறது. கொதிக்கும் நெய் ஒருபுறமிருக்க, அகழியிலிருந்து ஏறுவோரைத் தள்ளிவிடக் 'கவை' இருந்தது. அதற்கும் தப்பி மதிலின் தலையைப் பற்றிவிட்டால், பற்றிய கையைக் குத்துவதற்கென்றே 'கைபெயர் ஊசி' பொருத்தப்பட்டிருந்தது. மதிலேறல் அத்துணை வழக்கமாக நடந்திராவிட்டால், விரல்களுக்கென்று தனிப் பொறி செய்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய உரைநடைக்கு 'இவர்தல்' ஒத்துவராது. 'வீரர் இவர்ந்தனர்' என்றால் வாசகர் தடுமாறுவர். 'உழிஞை' என்றாலோ முற்றலும் அதனுள் அடங்கிவிடும். 'மதிலேறித் தாக்குதல்' என்று எழுதுங்கள். 'தாக்குதல்' என்பதை விட்டுவிடாதீர்கள். வெறுமனே 'மதிலேறிக் குதித்தனர்' என்றால் படைவீரர் திருடராகிவிடுவர்.