பழைய அறிவியல் ஆய்வகக் கருவிகளைப் பார்த்து மக்கள் சொல்லும் வேடிக்கையான ஊகங்கள் என்னென்ன?

பழைய ஆய்வகக் கருவி எதன் படம் கிடைத்தாலும், பெயரைச் சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டு வம்பு வளர்ப்பது என் பொழுதுபோக்கு. வரும் பதில்களில் முக்கால்வாசி மூன்றே வகைதான்: ஹூக்கா, சித்திரவதைக் கருவி, சாராயம் காய்ச்சுவது. மூன்றாவதைச் சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆய்வகத்தில் காய்ச்சி வடித்தாலும் அதே வேலைதானே.

ஹூக்கா பட்டத்தை எப்போதும் தட்டிச் செல்வது கிப் கருவி. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிக் குமிழ்கள், நடுக் குமிழின் பக்கவாட்டில் அடைப்பான் வைத்த ஒரு குழாய். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் இருந்த கிப் என்ற மருந்தாளுநர் 1844 வாக்கில் உருவாக்கியது. நடுக் குமிழில் இரும்பு சல்பைடு துண்டுகளைப் போட்டு, மேலிருந்து அமிலம் ஊற்றுவார்கள். குழாயைத் திறந்தால் அமிலம் அடியிலிருந்து ஏறி சல்பைடைத் தொட்டு வாயுவைக் கிளப்பும், மூடினால் அந்த வாயுவே போக வழியில்லாமல் அமிலத்தைக் கீழே அமுக்கி மேல் குமிழுக்கு விரட்டிவிடும், வினை தானாக நின்றுவிடும். என்ன ஒரு மூளை! ஆனால் ஹூக்கா என்று நம்பி வாய் வைப்பவருக்குக் கிடைப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம், போதாததற்கு நச்சு.

எனக்கு மிகவும் பிடித்த ஊகம், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளரின் பெயரில் இருக்கும் ஒத்ததிர்விகளுக்கு (குறிப்பிட்ட சுருதிக்கு மட்டும் அதிரும் உருண்டைகள்) வந்தது. பித்தளை உருண்டைகள், சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் அகன்ற வாய், எதிர்ப்பக்கம் கூம்பிய மூக்கு. "எனிமா கொடுக்கிற செட். அந்தக் கடைசிப் பெரிசு யானைக்கா?" என்று கேட்டார் ஒருவர். உண்மையில் ஒவ்வோர் உருண்டையும் ஒரே ஒரு சுருதிக்குத்தான் அதிரும், அதன் மூக்கைக் காதில் செருகி, மற்றக் காதை அடைத்துக்கொண்டு கேட்டால் கலவையான ஓசையில் அந்தச் சுருதி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆக, உடம்பில் ஒரு துளைக்குள் வைப்பது என்பது வரை அவர் சரி, எந்தத் துளை என்பதில்தான் கோட்டை விட்டார்.

லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1831இல் செய்த ஐந்து குமிழ் முக்கோணக் குழாய்க்கு வந்த பதில்: "கண்ணாடி ஊதுறவருக்கு விக்கல் வந்திருக்கு." அந்த விக்கல் கரிம வேதியியலையே தூக்கி நிறுத்தியது. ஒரு பொருளை எரித்து வரும் கார்பன் டை ஆக்சைடை இதற்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாக விட்டால் அது அப்படியே பிடித்துக்கொள்ளும், முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு கார்பன் என்று கணக்கு வந்துவிடும். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்திலேயே இந்தக் குழாய் இடம்பிடித்தது.

கொஞ்சம் ஒழுங்காக ஊகிக்க ஆசைப்பட்டால் முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். மட்டம் சரிசெய்ய மூன்று திருகுகள் இருந்தால் அது பெரும்பாலும் எதையோ அளப்பது. மின்னோட்டத்தை அளக்கும் வளைய வடிவ டேன்ஜென்ட் கால்வனோமீட்டரை "கண்ணாடி உடைஞ்சுபோன நிலைக்கண்ணாடிச் சட்டம்" என்றவர் அந்தத் திருகுகளையும் நடுவில் இருந்த காந்த ஊசியையும் கவனிக்கவே இல்லை.

சரி, நம்மை விடுங்கள், செய்தவரே ஊகத்தில் தோற்ற கதையும் உண்டு. 1870களில் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு குட்டிக் காற்றாடி வைத்தார், அதன் இதழ்கள் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளபளப்பு. வெயில் பட்டால் சுற்றும். ஒளியின் அழுத்தம்தான் தள்ளுகிறது என்று அவர் நினைத்தார். அப்படியானால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான பக்கம்தான் அதிகம் தள்ளப்பட வேண்டும், ஆனால் அது நேர் எதிராகச் சுற்றுகிறது! உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு காற்று சூடாவதுதான் காரணம், அதையும் முழுக்க உறிஞ்சிவிட்டால் காற்றாடி நின்றுவிடும்.

அப்புறம், யாராலும் சரியாகச் சொல்லவே முடியாதது 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் மெரிவெதர் என்ற மருத்துவர் வைத்த கருவி. வட்டமாக 12 கண்ணாடிக் குப்பிகள், மேலே ஒரு மணி. "ராட்டினப் பொம்மை", "வாசனைத் திரவியக் கடை அலங்காரம்" என்றெல்லாம் வந்தன. அது புயல் எச்சரிக்கைக் கருவி. ஒவ்வொரு குப்பியிலும் ஓர் உயிருள்ள அட்டை. புயல் நெருங்கினால் அட்டை மேலே ஏறும், ஏறும்போது குப்பியின் வாயில் இருக்கும் திமிங்கலத் தாடைத் தகட்டுத் துண்டைத் தட்டும், மணி அடிக்கும். நிறைய அட்டைகள் மணி அடித்தால் புயல் உறுதி. குப்பிகளை ஏன் வட்டமாக வைத்தார் என்பதற்கும் அவரே காரணம் சொல்லியிருக்கிறார்: அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் தனிமைச் சிறையில் வாடாதாம்.